நாலு மணி ஜன்னல்

பிரின்சிபாலை நினைத்தால் சேர்க்கைக் குமாஸ்தாவுக்குக் கோபம்கூட வராது. கோபப்படவும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டாமா? அந்தச் சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்புகளுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பகலில் வேலை பார்ப்பவர்கள். ஆலையிலிருந்தும் கடையிலிருந்தும் ஐந்து மணிக்குத்தான் விடுபடுவார்கள். இந்த மகானுபாவர் விண்ணப்பம் வாங்கும் ஜன்னலை நாலு மணிக்கே அடைக்க உத்தரவு போட்டார். பிறகு, "ஆளே சேரவில்லை" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது விண்ணப்பம் வராவிட்டால் மாலைப் பிரிவின் ஒன்பது பேரையும் ஆட்குறைப்பில் அனுப்புவதாகப் பலகையில் ஒட்டினார். வந்திருந்தது பதினொன்று.

அந்த ஒன்பதில் ஒருத்தி குமாஸ்தாவின் நாத்தனார். தையல் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று பத்து மாதம் ஆகிறது. அதற்காக அவள் பிழைப்பில் மண் விழட்டும் என்று இருந்துவிட முடியுமா? அதுவும், தன் கையால் இறக்கும் ஷட்டரால்?

பிரின்சிபால் குமாஸ்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க பகல் ஆளு" என்றார், பிச்சை போடுகிற குரலில். அவள் நன்றி சொல்லவில்லை.

ஊழியர் சங்கம் என்ன கிழித்தது? செயலாளர் கணக்கு வாத்தியார், மனு எழுதுவதில் சூரர். பத்து மனு எழுதி, பத்தையும் பிரின்சிபாலிடம் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கிக் கோப்பில் கோத்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பதினோராவதை வாசிக்கத் தொண்டையைச் செருமினார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தாளுக்கு டீ கிளாஸ் வைக்கத்தான் சார் உங்க மனு உதவுது. ஒரு மேசைய தூக்கிட்டு வெளிய வாங்க."

"வெளியன்னா?"

"கேட்டுக்கு வெளிய, ரோட்டுல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அங்க அவரு உத்தரவு செல்லாதுல்ல?"

புதனும் வியாழனும் நடைபாதையில் மேசை போட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டுப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றபடியே படிவம் எழுதினார்கள். எழுதத் தடுமாறியவர்களுக்குச் செயலாளர் எழுதிக் கொடுத்தார். மனு எழுதியே தேய்ந்த கைக்கு அன்றுதான் உருப்படியான வேலை கிடைத்தது. இரண்டே நாளில் ஐம்பத்திரண்டு சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை அந்த விண்ணப்பக் கட்டைப் பிரின்சிபாலின் மேசையில் வைத்தபோது அவர் விரலால்கூடத் தொடவில்லை.

"ஆபீஸ் நேரத்துல, ஜன்னல் வழியா வந்தாத்தான் விண்ணப்பம். இது குப்பை."

செயலாளர் அடுத்த மனுவுக்குத் தாள் தேடினார். குமாஸ்தா கட்டை அள்ளிக்கொண்டு வெளியே வந்து, வராந்தாவில் வெளிறிப்போய் நின்றிருந்த நாத்தனாரின் கையில் திணித்தாள்.

"வெளிய போய் ஜன்னல்கிட்ட நில்லு. ஒவ்வொண்ணா நீட்டு."

"எல்லாத்தையும் நான் ஒருத்தியே குடுக்கலாமா அண்ணி?"

"யாரு கையால குடுக்கணும்னு எழுத அந்த மேதை மறந்துட்டாரு."

குமாஸ்தா ஷட்டரைத் தூக்கினாள். ஒரு படிவம், ஒரு முத்திரை. சத்தம் கேட்டுப் பிரின்சிபால் ஓடிவந்தார்.

"நிறுத்துங்க!"

"ஆபீஸ் நேரம் சார். ஜன்னல்ல ஆள் நிக்குது."

இருபத்தொன்பதாவது படிவத்தில் நாற்பது நிறைந்தது. நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குமாஸ்தா மீதி இருபத்துமூன்றையும் ஒன்றுவிடாமல் குத்தினாள், அந்த மனிதர் பார்க்கட்டும் என்றே.

தன் கையெழுத்தோடு ஒட்டியதை அவரால் விழுங்க முடியவில்லை. ஒன்பது பேரும் தப்பினார்கள். திங்கட்கிழமை பலகையில் புதுத் தாள் இருந்தது. சேர்க்கை ஜன்னல் நிரந்தரமாக மூடப்படுகிறது, குமாஸ்தா பணியிடம் நீக்கப்படுகிறது. பதினெட்டு வருஷ வேலை. இவ்வளவு அற்பனா என்று நினைத்தாள். ஆனாலும் வலித்தது.

செயலாளர் மூச்சிரைக்க வந்தார், கையில் ஒரு மனு.

"அத மடிச்சுப் பையில வைங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாத்தனார் சங்க அறையிலிருந்து மேசையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு மொத வகுப்பு. அறுபத்திமூணு பேரும் அஞ்சு மணிக்கு கேட்டுக்கு வருவாங்க. அண்ணிக்கு வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகப்போறதில்ல. நானும்தான்."

செயலாளர் மனுவை மடித்தார். நாத்தனார் நிமிர்ந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க அண்ணி? அந்தப் பக்கம் புடிங்க."