பின்சீட்டுச் சத்தம்

ஏகாம்பரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரில் சத்தம் வருகிறது என்கிறார்கள். அவனுடைய காரில், அவன் ஓட்டும்போது, அவனுக்குக் கேட்காத சத்தம்.

விடியலில் நகரியிலிருந்து கிளம்பி, திருத்தணியில் நாலு பேரை ஏற்றித் திருப்பதியில் அவர்கள் கம்பெனி வாசலில் இறக்குவதுதான் பிழைப்பு. நாலு பேரில் ரோஹிணிக்கு வாய் அதிகம்.

"எலிக்குஞ்சு மாதிரி கீச்சு கீச்சுன்னு மண்டையைக் குடையுதுண்ணா. திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா வேற வண்டி கேட்டுடுவோம், சொல்லிட்டேன்."

"எங்கிருந்துமா வருது?"

"இதோ, இப்பக்கூட!"

ஏகாம்பரம் காதைத் தீட்டினான். இன்ஜின் உறுமியது. லாரி ஒன்று தாண்டிப்போனது. கீச்சைக் காணோம். நாலு பேருமாகச் சேர்ந்து கழற்றிவிடப் பார்க்கிறார்களோ? இவர்களில் யாருடைய மச்சானாவது புதுக் கார் வாங்கியிருப்பான்.

ஆள் கனம் ஏறினால்தான் சத்தம் வருமோ என்று ஞாயிற்றுக்கிழமை மனைவி கன்னிகா, அவள் தம்பி கமலக்கண்ணன், பக்கத்து வீட்டு ரங்கையா மூவரையும் பின்சீட்டில் அடைத்துப் புத்தூர் வரை ஓட்டினான்.

"கேக்குதா?" என்று கத்தினான்.

"ஒண்ணும் கேக்கலயே!" என்று கன்னிகாவும் கத்தினாள். அவர்கள் தெருவில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள்.

"வண்டி வெண்ணெ மாதிரி போய்க்கினு கீது மாமா. அந்தப் பொண்ணு மண்டையிலதான் எலி பூந்துகீது" என்றான் கமலக்கண்ணன். ரங்கையா சூடம் அடித்துச் சத்தியம் பண்ணவும் தயார் என்றார்.

மூன்று சாட்சி கிடைத்தும் மனசு ஆறவில்லை. வண்டியை அப்படியே வடமாலபேட்டைக்கு விட்டான். அங்கே ரோட்டோரத்தில் மெக்கானிக் சுதீர் கடை.

சுதீர் பின்கதவைத் திறந்து சீட்டின் முதுகைப் பிடித்து ஆட்டினான். உடனே முகத்தைச் சுளித்தான். "இதான். சீட்டு மாட்டுற கொக்கி காஞ்சிபோயி ஒரசுது."

"எது? எங்கே?"

சுதீர் மறுபடி ஆட்டினான். நாலு பேரும் குனிந்து கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வினபடலேதா அன்னா? இந்தக் கத்து கத்துது, கேக்கலையா? ஒருத்தருக்குமா கேக்கல?"

ரங்கையா கொக்கியருகே காதைக் கொண்டுபோனார். சுதீர் நிமிர்ந்தான்.

"எல்லாரும் என்ன வேலை?"

"பவர்லூம்" என்றார் ரங்கையா.

"மூணு பேருமா?"

"மாமாவும் வண்டி வாங்குறவரைக்கும் எங்க கொட்டாயிலதான் தடதடன்னு தறி ஓட்டுச்சி" என்றான் கமலக்கண்ணன். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

சுதீர் சிரிக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டு கொக்கியில் கிரீஸைத் தடவினான். "நின்னுபோச்சி" என்றான். தனக்கும் கேட்டமாதிரி ஏகாம்பரம் தலையாட்டினான். எது நின்றது?

திரும்பி வரும்போது யாரும் கத்தவில்லை. கண்ணாடியில் கன்னிகாவின் உதடு அசைந்தது. பேசினாளா, வெறுமனே முனகினாளா, தெரியவில்லை.

திங்கட்கிழமை. புத்தூர் தாண்டும்வரை ரோஹிணி வாயே திறக்கவில்லை. ஏகாம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இப்ப சத்தம் வருதாம்மா?"

"இல்லண்ணா, சுத்தமா நின்னுடுச்சு. எங்க இருந்துச்சு?"

"கொக்கியில. நானே கண்டுபிடிச்சிட்டேன்."

அப்பாடா, பிழைப்பு தப்பியது. முதுகைச் சீட்டில் சாய்த்தான்.

"ஆனா அண்ணா, புத்தூர்ல இருந்து இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிச்சிக்கிட்டே வருதே?"

கீழே பார்த்தான். பச்சை அம்பு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ரோடு கோடு போட்டதுபோல நேராகக் கிடந்தது.

"தெரியும்மா" என்றான் ஏகாம்பரம். "வளைவு வருது இல்ல, அதுக்குத்தான்."