நடுவில் தையல் வேண்டாம்

துணிமூட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பத் தயாரானாள் தமிழ்ச்செல்வி. அதிலேயே ஷாரோனின் மனசில் ஏதோ நெருடியது.

செல்வி அவளுடைய நாத்தனார், கணவன் சரவணகுமாரின் தங்கை. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் பில் போடுகிறாள். மாதம் ஒரு முறையாவது மின்சார ரயிலில் வந்து சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, அண்ணன் வீட்டில் டீ குடித்து, ஊர்க்கதை பேசி, ஷாரோன் தைத்து வைத்திருப்பதையெல்லாம் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டுதான் போவாள். குமாரின் பெற்றோர் வீட்டிலிருந்து இவர்களோடு பேச்சுவார்த்தை வைத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே வாசல் மூடி மூன்று வருஷம் ஆகிறது. குமார் ஷாரோனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன அன்று அவன் அப்பா ஜானகிராமன், அந்தப் பெண்ணோடு இந்தப் படி ஏறாதே என்றார். ஷாரோனின் தாத்தா காலத்தில் அவர்கள் குடும்பம் அந்த மாதிரி வீடுகளின் வயலில்தான் கூலிக்கு நாற்று நட்டது. அதை ஜானகிராமன் அன்றைக்குச் சொல்லவும் செய்தார்.

இப்போது அந்த வீட்டிலிருந்து மூட்டை வந்திருக்கிறது. ஒரு பெரிய குயில்ட், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, வேண்டுமாம். அதுவும் ஷாரோன் கையால் வேண்டுமாம்.

அம்மா சொல்லி அனுப்பியதைச் செல்வி மனப்பாடம் செய்தவள்போல ஒப்பித்தாள். பத்தடிக்குப் பத்தடி அளவு. மேலும் கீழும் இந்தப் பழைய துணிதான், புதுத்துணி கலக்கக்கூடாது. நாலு ஓரமும் நெருக்கமாக, கெட்டியாகத் தைக்க வேண்டும். நடுவில் தையல் வேண்டாம். எங்கேயும் கோட்டின் மேல் கோடு குறுக்கே போகக்கூடாது. முடிச்சு ஒன்றுகூட இருக்கக்கூடாது.

"யாருக்கு செல்வி இது?"

"வூட்டுக்குத்தான் அண்ணி."

"உங்க வூட்ல ஒத்தக் கட்டிலுதானே கீதுன்னு உங்க அண்ணன் சொல்வாரு. பத்தடி எதுக்கு?"

செல்வி கைபேசியில் மணி பார்த்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அடுத்த ரயிலும் இருக்கிறது என்பது இருவருக்குமே தெரியும்.

ஷாரோனுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. கடற்கரை ஓரம் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் வீடுகளுக்குக் கட்டில் விரிப்புகளும் குழந்தைப் போர்வைகளும் தைத்துக் கொடுப்பவள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு ஷீட், மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். அந்தத் தையலை எப்படி ஓட்டுவது என்பதில்தான் அவளுக்குப் பேர். ஆனால் இப்படி யாரும் நிபந்தனை போட்டதில்லை. தையல் வேண்டாம் என்று தையல்காரியிடம் யாராவது சொல்வார்களா?

மூட்டையைப் பிரித்தாள். நூல் தேய்ந்து மெலிந்த வேட்டிகள், சாயம் போன காட்டன் புடவைகள். எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கும் மருந்து வாசம்.

பக்கத்து போர்ஷன் கன்னியம்மாதான் பெரிய போர்வை தைக்கும்போதெல்லாம் அவளுக்குத் துணை. பாய் மாதிரி சுருட்டிய போர்வை மிஷின் கழுத்துக்குள் நுழையும்போது அந்தப் பக்கம் யாராவது பாரத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊசி வளையும். கன்னியம்மா அதைத் தாங்குவாள், வாயை மட்டும் சும்மா வைத்திருக்க மாட்டாள்.

"பழசா குட்த்துக்கீறாங்க? இன்னா, உன்ன பழந்துணிக்குப் பாத்திரம் போடறவன்னு நென்ச்சிக்கினாங்களா?"

நிபந்தனைகளைக் கேட்டதும் அவள் குரல் தாழ்ந்தது.

"முடிச்சு வாணாம்னா புரியலயா உனுக்கு? நீ எதுனா மந்திரிச்சி முடிஞ்சி வெச்சிடுவன்னு பயம்."

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவக்கா நானு."

"அதான் அவங்களுக்கு இன்னும் பயம்." கன்னியம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கோட்டு மேல கோடு போனா இன்னா வரும்? சிலுவ வரும். அத்த வாயத் தொறந்து சொல்லாம சுத்தி வளைக்கிறாங்க" என்றாள்.

முன்னதையெல்லாம் ஷாரோன் தட்டிவிட்டாள். இது மட்டும் முள்போல உள்ளே தங்கிவிட்டது. சந்தேகத்துக்கு நாம் சோறு போட வேண்டியதில்லை, கிடைத்ததைத் தின்று வளரும். பத்தடி எதற்கு என்ற கேள்வியைத் தின்றது, பழந்துணியைத் தின்றது, மருந்து வாசத்தையும் தின்றது. தன் கைபட்டதை அவர்கள் இப்படித்தான் கழுவிக் கழுவித் தொடுவார்கள்போலும் என்றுகூட அவள் நினைத்துவிட்டாள்.

குமார் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் மூட்டையைக் காட்டினாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மூணு வருஷமா இருக்கிறியா செத்தியான்னு கேக்கல. இப்ப போர்வை கேக்கறாங்களா?"

ஆனாலும் குனிந்து ஒரு வேட்டியை எடுத்தான். அதன் கரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். அப்பாவுடையது. இருந்தபடியே மடித்து வைத்துவிட்டு, உனக்கு இஷ்டமென்றால் செய், எதையும் எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். எதிர்பார்ப்பவன் அவன்தான் என்பது ஷாரோனுக்குத் தெரியும். இந்தப் போர்வையை நல்லபடியாகச் செய்து அனுப்பினால் அந்த வாசல் ஒரு விரற்கடையாவது திறக்கலாம். திருப்பி அனுப்பினால் செல்வி வருவதும் நின்றுபோகலாம்.

துணிகளை இணைத்து, பஞ்சு விரித்து, இருநூறு ஊக்குக் குத்தி முடிக்கவே மூன்று நாள் ஆனது. பிறகு டிசைன். புடவைக் கடைக்காரன் கொடுக்கும் கண்ணாடிக் கவர்களைப் பிரித்து, அவற்றின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கோடு வரைந்து, போர்வைமேல் பரப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். தைத்தால் எப்படி இருக்கும் என்பது அப்படியே தெரிந்துவிடும். அலை வரைந்தாள். இலைக்கொடி வரைந்தாள். கொடியில் கிளை பிரியும் இடத்திலெல்லாம் தையல் தையலின் மேல் ஏறியது. கடைசியில், தன்னைத் தானே எங்கும் தொடாமல் வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் கோடு ஒன்று வரைந்தாள். மண்புழு போன தடம் மாதிரி இருக்கிறது என்றாள் கன்னியம்மா. நிபந்தனைக்கு அதுதான் பொருந்தியது. துணியைத் தள்ளிவிடும் மிஷின் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கையாலேயே நகர்த்தினால் ஒரே நூலில் வெகுதூரம் போகலாம், முடிச்சும் விழாது.

ஆனால் பெரிய போர்வையை நடுவிலிருந்து ஆரம்பித்துத்தான் வெளியே தைத்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் சுருக்கம் விழும். நடுவை வெறுமையாக விட்டால் நாலு சலவையில் பஞ்சு உருண்டு திரண்டுவிடும். இது தொழில் தெரிந்த எல்லாரும் சொல்வது, ஷாரோனும் தனக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டாள். எனினும் அது மட்டுமே காரணம் என்று அவளால் கர்த்தர் முன்னால் சொல்ல முடியாது. எப்போதும் வேலை தொடங்கும்முன் மிஷினில் கை வைத்து ஒரு நிமிஷம் ஜெபிப்பாள். அன்று கையை வைத்தாள், வார்த்தை வரவில்லை. வராமலேயே பல்லை ஏற்றி, போர்வையின் நட்டநடுவில் நாலடிச் சதுரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக ஓட்டினாள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் முன்னும் பின்னும் மூன்று முறை அடித்து இறுக்கினாள். அத்தனை சந்திப்பிலும் ஒரு சிலுவை. ஏற்றுக்கொள்வதாக இருந்தால் நான் இருக்கிறபடி ஏற்றுக்கொள்ளட்டும் என்று கன்னியம்மாவிடம் சொன்னாள்.

ஓரங்களுக்கு வரும்போது கோபம் ஆறியிருந்தது. ஓரங்களைச் சொன்னபடியே நெருக்கமாக, ஒற்றைக் கோடாக, ஆறு நாள் தைத்தாள். நடுவைப் பிரித்துவிடலாமா என்று ஒரு முறை தோன்றியது. வீம்பு விடவில்லை.

சனிக்கிழமை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொன்ன செல்வி, வர முடியவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அன்று காலை செய்தி அனுப்பினாள். என்ன, ஏது என்று இல்லை. அங்கே என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என ஷாரோன் அப்போதே முடிவு செய்தாள். குமார் காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். போய் வந்து சொல்லிக்கொள்ளலாம்.

செங்கல்பட்டில் பஸ் மாறினாள். போர்வை மூட்டை தனியாக ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டது. மாமல்லபுரம் வண்டியின் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, மாமியார் வூட்டுக்குச் சீரா?" என்றார். ஆமாம் என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் ஷாரோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டி இறங்கி, வழி கேட்டுக்கொண்டு வயல் நடுவே ஒரு மைல் நடந்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரக் கட்டிலில் காற்று அடைத்த பிளாஸ்டிக் மெத்தை. அதன்மேல் ஜானகிராமன் ஒருக்களித்துக் கிடந்தார். வேண்டா என்ற பேர் கொண்ட மாமியார் வெந்நீரில் பஞ்சை நனைத்து அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று செல்வி அவரைச் சரியாமல் தாங்கிக்கொண்டிருந்தாள். முதுகு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அறை முழுக்க அந்த மருந்து வாசம்.

வேண்டா நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

"வாம்மா" என்றாள்.

நாலு மாதத்துக்கு முன் ஜானகிராமன் நெம்மேலிப் பக்கம் கடற்கரைச் சாலையில் மணலில் சறுக்கி வண்டியோடு விழுந்திருக்கிறார். இடுப்பும் முதுகும் போய்விட்டது. தானாகப் புரள முடியாது. பிளாஸ்டிக் மெத்தையில் வேர்த்து உடம்பு ஒட்டிக்கொள்கிறது. கடையில் வாங்கிய விரிப்பில் தையலும் முடிச்சும் உறுத்தி, ஆறிய புண் மறுபடி கிளம்பிவிட்டது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணிதான் நல்லது, உடம்பு படும் இடத்தில் தையலே இருக்கக்கூடாது என்று நர்சம்மா சொல்லியிருக்கிறாள். ஓரம் கெட்டியாக, அகலமாக இருந்தால் இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தே ஆளைப் புரட்டிவிடலாமாம். செல்வி காட்டிய படங்களைப் பார்த்து, இந்தப் பெண் கையில் கொடுத்தால் நன்றாக வரும் என்று வேண்டாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் விஷயத்தைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்று கிழவர் சத்தியம் வாங்கியிருந்தார். விழுந்து கிடக்கும்போது கூப்பிட்டால் இரக்கத்துக்குக் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்பது அவர் கட்சி. அன்று காலை அவருக்குக் காய்ச்சல் கண்டதால் செல்வியால் அவரை விட்டு நகர முடியவில்லை.

வேண்டா மூட்டையைப் பிரித்துப் போர்வையைத் தரையில் விரித்துவிட்டாள். ஓரத்தை முறுக்கி இழுத்துப் பார்த்தாள். எம்மாம் கெட்டியா கீது பாரு என்று செல்வியிடம் காட்டினாள். அவள் கை ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே நடுவுக்கு வந்து, கட்டங்களின்மேல் நின்றது. ஒரு விரல் ஒரு சந்திப்பைத் தொட்டது. பிறகு அடுத்ததை.

"பரவால்லமா" என்றாள் வேண்டா. "மேல ஒரு வேட்டிய நாலா மடிச்சிப் போட்டுக்கலாம். இம்மாம் பாடுபட்டு தெச்சிக்கீற."

திட்டியிருந்தால் ஷாரோன் தாங்கியிருப்பாள்.

"இல்ல அத்தை, தெரிஞ்சேதான் தெச்சேன். சிலுவை வரக்கூடாதுன்னு சொல்றீங்கன்னு நென்ச்சேன். அந்தக் கோவத்துல..."

வேண்டாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "சிலுவையா? ஒடம்புல குத்துமேன்னு சொன்னேன்மா."

கட்டிலில் கண் மூடிக் கிடந்தவர் பேசினார். "அவ நென்ச்சதுல தப்பில்ல. அன்னிக்கி நான் பேசன பேச்சு அப்டி."

ஷாரோன் ஒரு பிளேடு கேட்டு வாங்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். எதிரே வேண்டா உட்கார்ந்து, தையல் தெரியும்படி துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். ஒரு கண்ணி அறுத்து, நூலை உருவி, அடுத்த கண்ணி. பழந்துணி கிழிந்துவிடாமல் மெல்லத்தான் போக முடிந்தது. நடுவில் தையல் இல்லாவிட்டால் துவைக்கும்போது பஞ்சு உருளும், மாதம் ஒரு முறை நானே வந்து பிரித்துச் சரி பண்ணித் தருகிறேன் என்றாள் ஷாரோன். சரி என்றாள் வேண்டா. வரும்போது சாப்பாட்டு நேரத்துக்கு வா என்றாள்.

பாதிக் கட்டம் பிரிந்திருந்தபோது குமார் கூப்பிட்டான். ஷிப்டு முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது, என் பைக் மட்டும் வாசலில் நிற்கிறது, எங்கே போனாய் என்றான். அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "அவரு கூப்ட்டாரா?" என்றான்.

கைபேசியின் குரல் அறைக்கே கேட்டது. ஷாரோன் கட்டிலைப் பார்த்தாள். வேண்டாவும் பார்த்தாள்.

ஜானகிராமன் ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தார்.

"மணல் கீது ரோட்ல" என்றார். "வண்டிய மெதுவா ஓட்டிகினு வரச் சொல்லு."

ஷாரோன் அதை அப்படியே சொன்னாள். பிறகு கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, பிளேடை எடுத்து அடுத்த கண்ணியைத் தேடினாள். கண் மறைத்தது. வேண்டா துணியைக் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் நகர்த்திக் கொடுத்தாள்.