லாரி நிழலில் ஐந்து பேர்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அகராதியால் வந்த வினை. பள்ளிப் பிள்ளைகளுக்கான சொற்கையேட்டில் ‘அரிய’ (எளிதில் கிடைக்காத) என்ற பெயரடைக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்டார்கள். ‘அரிய வகைப் பறவை’ என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே நாற்பது பேர் அதையே எழுதியிருக்கிறார்களாம். கோபத்தில், வேறு வாக்கியம் தேடி மரக்காணம் உப்பளத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

2
தொடக்கம் ஒன்று: 2005 சித்திரை வெயிலில் வெள்ளி மலைகளாய் மின்னிய உப்புக் குவியல்கள்... (வேண்டாம். காலண்டர் படம்.)

தொடக்கம் இரண்டு: உப்பளத்தில் மரம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு நிழல் என்றால் உப்பேற்ற வரும் லாரியின் நிழல்தான். ஒன்றரை மணிக்கு இரண்டு முழம் அகலம் இருக்கும். லாரி போனால் அதுவும் போய்விடும். அதனால் உப்பு வாரும் ஐந்து பெண்களும் டிரைவர் பிரபுவுக்குத் தங்கள் தூக்குவாளியிலிருந்து மாற்றி மாற்றிச் சோறு போடுவார்கள். அவன் சாப்பிடும்வரை லாரி நகராது.*

* ஆறு மாதத்தில் பிரபு எட்டுக் கிலோ ஏறியிருக்கிறான். எடை மட்டும் என் கற்பனை.

3
ஐவரில் ஒருத்தி சகாயமேரி. முந்தாநாள் வெயிலில் மயங்கி விழுந்தவள். என் கதையில் விழவிடக் கூடாது என்றிருந்தேன். ஆனால் இன்று பிரபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கல்யாண வீட்டுப் பிரியாணி. கருவாட்டுக் குழம்பைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஒரு வாய்ண்ணா,” என்றாள் சகாயமேரி.

“முடியலம்மா. லோடு ஏத்தியாச்சு, போறேன்.”

அவள் என் நோட்டைப் பார்த்தாள்.

“சும்மாதான எழுதினு இருக்கீங்க? இங்க ஒரு புங்கமரம் எழுதிடுங்களேன் சார்.”

எழுதினேன். ‘அங்கே ஓர் அரிய புங்க

உப்பு மண். அரை வாக்கியத்திலேயே பட்டுப்போயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது.

4
முடிவு அ: பிரபுவின் மனம் இளகுகிறது. (இளகியது வயிறுதான்.)

முடிவு ஆ: லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. (இதை எழுதி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டான். நான் எழுதுவதை யார் கேட்கிறார்கள்?)

முடிவு இ: லாரி இல்லை. ஐந்து பேரும் தூக்கோடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சகாயமேரி பாதிகூடச் சாப்பிடவில்லை. என் கையில் இனி ஒன்றும் இல்லை. அரிய வாசகரே (வாக்கியம் கிடைத்துவிட்டது), உங்கள் கையில் இந்தப் புத்தகம் இருக்கிறது. வெயிலை மறைக்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். இன்னும் சற்று இடப்பக்கம். கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மூடிவிடாதீர்கள். அவள் மெதுவாகத்தான் சாப்பிடுவாள்.