மேசை இருக்கிறது என்று தலையாட்டினேன்

சிவகௌரி டீச்சர் கேட்டது ஒரே கேள்விதான். "வீட்டில மேசை ஒண்டு இருக்குத்தானே?"

நான் தலையாட்டினேன்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு. பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பித்த டீச்சர், லிந்துலைக் கடைத்தெருவில் ஒரு கடை மாடியில் டியூஷனும் நடத்தினார். தமிழில் டைப் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்றரை வருஷம் ஆகியும் என் கையெழுத்து அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஒன்பது பக்கப் பாடக் குறிப்பு, இரும்பு முனைப் பேனா, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாள் பத்து. ஒரு தாள்தான் கூடுதல்.

"கவனம் பிள்ளை. மேடு பள்ளத்தில வச்சு எழுதினால் தாள் கிழிஞ்சிடும். பிறகு பிரதி எடுக்கிற ரோனியோ மெசினில மை ஒழுகும். வியாழக்கிழமை பின்னேரம் நானே வீட்ட வந்து எடுக்கிறன். வடிவா வந்தால் மாசாமாசம் இந்த வேலை உமக்குத்தான்."

அதற்கும் தலையாட்டினேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வாய் வராமல்தான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஐந்து பேர் இருந்தோம். மேசை இல்லை. அந்த வியாழன் கழிந்து வரும் திங்கட்கிழமை என் பேரைத் தோட்டத்தில் பதிய அப்பா கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தார். "எழுத்து வேல நெலச்சா சரி. இல்லாட்டி கொழுந்துக் கூடையத் தூக்கு" என்றார். வியாழனுக்குள் எனக்கு ஒரு மேசை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரிசிப் பெட்டி மூடியில் வைத்து எழுதினேன். மூன்றாவது வரியில் ஓர் ஆணித்தலை தாளைக் கிழித்தது. கூடுதல் தாள் போயிற்று.

திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். காலை நிறுவைக்கும் பகல் நிறுவைக்கும் நடுவில் மடுவத்தில் யாரும் இருப்பதில்லை. கணக்கப்பிள்ளையின் மேசை சும்மா கிடக்கும். ஒன்றரைப் பக்கம் ஓடியது. சின்னராசா கணக்கப்பிள்ளை பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"என்னா புள்ள, இன்னும் பேரே பதியல. அதுக்குள்ள என் நாக்காலிக்கே வந்துட்டியா?"

கூடையோடு வந்த பெண்கள் சிரித்தார்கள். தாள்களைச் சுவெட்டருக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். "நாக்காலிய வச்சிட்டுப் போறாடி, பாவம்" என்று யாரோ சொன்னது வளைவு தாண்டியும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை குறுக்குப் பாதையில் லிந்துலைக்கு நடந்தேன். இப்றாஹிம் நானாவின் தையல் கடையில் துணி வெட்டும் மேசை உண்டு. ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரியது. அவருடைய மனைவி அசீசாவைத் தாத்தா என்போம்; அவர்கள் பேச்சில் அது அக்கா. அவரிடம் தாளை நீட்டிக் காட்டினேன். அவர் சோக்குக்கட்டியால் மேசையின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"அந்தப் பக்கம் ஒனக்கு. இந்தப் பக்கம் எனக்கு. கோட்டத் தாண்டினா ஒன் தாளையும் சேத்து வெட்டிருவேன்."

பலகைத் தரை. இரண்டு மெசினும் ஓடும்போது மேசை முழுக்க நடுங்கியது. எழுத்து கோணியது.

"மெசின் ஓடக்குள்ள பேனாவத் தூக்கு. நிக்கக்குள்ள எழுது. அவசரப்படாத" என்றார் தாத்தா. மெசின் நிற்கும்வரை காத்திருப்பதும் நின்றதும் குனிவதுமாக நாலு பக்கம் முடித்தேன்.

புதன்கிழமை போனபோது சோக்குக் கோடே தெரியவில்லை. மூன்று தோட்டத்துத் தீபாவளித் துணிகள் மேசையில் குவிந்திருந்தன. "தீவாளிக்குப் பத்து நாள்தான் ஈக்கிது புள்ள. கோவிக்காத" என்றார். ஒரு மூலையில் நின்றபடி அரைப் பக்கம் எழுதினேன். பிறகு கடைத்தெருவில் நடந்தேன். ரொட்டி விற்கும் பாண் கடை மேசையில் எதுவும் வாங்காமல் உட்கார முடியாது. பஸ் நிற்குமிடத்து வாங்குப் பலகை சரிந்திருந்தது. கோயில் சிமெந்துத் தரை வெடித்திருந்தது. மழையில் இரண்டு தடவை கடைத்தெரு முனைவரை போய்த் திரும்பினேன். இன்னும் மூன்று பக்கம்.

வீட்டில் அம்மா கேட்டாள். சொன்னேன்.

"மேச இருக்குன்னா சொன்ன?"

"தலையாட்டுனேன்."

"ஒரு நாளைக்கு அந்தத் தலையக் கழட்டி வைக்கிறேன் பாரு" என்றவள் கதவைப் பார்த்தாள். "அம்மாக்கண்ணு மக கல்யாணத்துக்கு மரக்கறி வெட்ட நம்ம கதவத்தானே கழட்டுனாங்க?"

வியாழக்கிழமை விடியலில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன், அப்பாவும் அம்மாவும் கதவைக் கழற்றினார்கள். கத்திக் கீறல் விழுந்த பக்கம் கீழே போயிற்று. ஒரு முனைக்கு அரிசிப் பெட்டி, மறு முனைக்கு இரண்டு எண்ணெய் டின். ஒரு மூலை ஆடியது. அம்மா கட்டிலுக்கடியில் கையைவிட்டு ஒரு சாக்கை இழுத்தாள். உள்ளே நான் எழுதி நிறைத்த கொப்பிகள் ஏழு. நான் எனக்காக எழுதுவது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஏழையும் அடுக்கி டின்னின்மேல் வைத்து மூலையைத் தாங்கவிட்டாள்.

"இப்ப ஆடாது" என்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள்.

கதவில்லாத காம்பராவுக்குள் முதலில் பனி வந்தது. பிறகு பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு அக்கா வந்தார்.

"என்னா மலரு, கட தெறந்துட்டியா?"

நான் எழுதிக்கொண்டிருந்தேன். "அந்தப் பக்கம் சும்மாத்தான கெடக்கு" என்று சுளகோடு உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் கடைசிக் காம்பராப் பெண் கிழிந்த போர்வையும் ஊசியுமாக வந்தாள். ஒளிய இடமில்லை. கதவே மேசையாகக் கிடந்தது. அக்கா உரிக்கும்போது பலகை அதிர்ந்தது. பேனாவைத் தூக்கினேன். அவர் கதை சொல்ல நிறுத்தும்போது குனிந்தேன்.

கடைசிப் பக்கத்தின் பாதியில் இருந்தபோது சிவகௌரி டீச்சர் வந்துவிட்டார். தட்டுவதற்குக் கையை உயர்த்தி, தட்ட ஒன்றுமில்லாமல் நின்றார்.

"கதவு எங்க?"

"இந்தா இருக்கே டீச்சர்" என்று அக்கா பலகையைத் தட்டினார். "நாங்க எல்லாரும் அதுலதான் வேல பாக்குறோம். நீங்களும் ஒக்காருங்க."

டீச்சர் பலகையில் இருந்த கதவுக் கொண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுதி முடித்த தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். கிழிசல் இல்லை. குனிந்து மூலையைப் பார்த்தார்.

"உந்தக் கொப்பியளும் நீர் எழுதினதோ? ஒண்டை எடுத்துப் பாக்கட்டோ?"

அவர் கை நீண்டுவிட்டது.

"எடுக்காதீங்க டீச்சர். இன்னும் அரப் பக்கம் இருக்கு. எடுத்தா மேச ஆடும்."

அக்கா உரிப்பதை நிறுத்தினார். அவ்வளவு வார்த்தை நான் டீச்சரிடம் ஒருபோதும் பேசியதில்லை. டீச்சர் கையை இழுத்துக்கொண்டு அரிசிப் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். "சரி. முடிச்சுத் தாரும்."

முடித்துக் கொடுத்தேன். அவர் மறுபடி கொப்பிகளைக் கேட்கவில்லை. பைக்குள்ளிருந்து அடுத்த கட்டுத் தாளை எடுத்துக் கதவின்மேல் வைத்தார். "பன்னிரண்டு பக்கம். மாச முடிவுக்குள்ள" என்றார்.

அப்பா வேலை விட்டு வந்து, மழைக்குப் போர்த்திய சாக்கை உதறியபடி வாசலில் நின்றார்.

"கதவ மாட்டலாமா? குளிருது."

பிறகு புதுக் கட்டைப் பார்த்தார். "அப்ப திங்கக்கெழம பேர் பதிய வரலியா நீயி?"

தலையை அசைக்காமல் இருந்தேன்.

"இல்லப்பா" என்றேன்.