தோமையாரைக் கரை இறக்கியவர்கள்

...அப்புறம் அந்த நம்பூதிரி குளத்திலிருந்து ஈரத்தோடு ஏறி வருவார், கப்பலில் வந்திறங்கிய இயேசுவின் சீடர் தோமையார் அவர் தலையில் தண்ணீர் ஊற்றுவார், கி.பி. ஐம்பத்திரண்டு, நம் குடும்பம் தொடங்கியாயிற்று, புன்னூஸுக்கு எல்லாம் மனப்பாடம், வருஷாவருஷம் சொந்தமெல்லாம் கூடுகிற குடும்பயோகத்தில் அண்ணன் போத்தன் இதே இடத்தில்தான் தொண்டையைச் செருமிக்கொள்வார், போன வருஷம்வரை அந்த நம்பூதிரிக்கு ஒரு வீடும் தோப்பும்தான் இருந்தது, இந்த வருஷம் யானை வாங்கிவிட்டார், அடுத்த வருஷம் என்ன செய்வார்... பந்தலுக்குப் பின்னாலிருந்து தேங்காய்க் கீற்று போட்டு வறுக்கிற மாட்டுக்கறி வாசனை, நம்பூதிரியின் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் மூக்கை அந்தப் பக்கமே திருப்பி வைத்திருக்கிறார்கள், நல்ல காற்று, நல்ல நாற்காலி, பெண்கள் வரிசையிலிருந்து சோசம்மா பார்க்கிறாள், வாயைத் திறந்து தொலைக்காதே என்கிற பார்வை, கல்யாணமான நாளாய்ப் பார்க்கிற பார்வை, அதுவும் ஒரு சுகம்தான்.

வாயைத் திறக்கத்தானே வந்திருக்கிறார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றவர், இத்தனை காலம் சாப்பாட்டுக்காக இந்தக் கதையைப் பொறுத்துக்கொண்டவர், ஆனால் இன்றைக்கு ராகேல் விஷயம் இருக்கிறதே, ஒரே மகள், கடற்கரை லத்தீன் கத்தோலிக்கர் வீட்டுப் பையனைத்தான் கட்டுவேன் என்கிறாள், சரி கட்டிக்கொள் என்றால், பெரியப்பா போத்தன் வந்து நிற்காமல் கோயிலில் நிச்சயம் செய்கிற மனசம்மதமே வேண்டாம் என்கிறாள், தோளில் தூக்கித் திரிந்து வளர்த்தவர் அவர்தானே, அந்தப் பெரியப்பாவோ, அவங்க போர்ச்சுக்கீசியன் காலத்துல ஞானஸ்நானம் வாங்கினவங்கடா, நமக்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் ஜூனியர் என்று, ஏதோ பதவி உயர்வுக் கோப்பைத் திருப்பி அனுப்புகிற மாதிரி... அண்ணனுக்கான பதில் நாக்கு நுனியில் காத்திருக்கிறது, அன்றைக்கு இந்தக் கரையில் நம்பூதிரியே கிடையாது அச்சாயா, அவர்கள் வந்துசேரப் பல நூற்றாண்டு பாக்கி, தோமையாரும்கூட, மிளகுக் கப்பல்கள் வந்தன, அதனால் அவரும் வந்திருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்... ஒரே ஊசி, பலூன் அவுட், நினைத்தாலே இனிக்கிறது, சரி, குத்திய பிறகு அண்ணன் மனசம்மதத்துக்கு வருவாரா? ஏன் வருவார்? அடடா, அதை யோசிக்கவே இல்லையே.

இதற்குள் போத்தன், மரியாதைக்கு, விருந்தாளியாக வந்திருக்கும் லாசர் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்றுவிட்டார். பையனின் அப்பா. மூன்று விசைப்படகு, இரண்டு ஐஸ் ஃபாக்டரி, கழுத்தில் நங்கூரம் கட்டலாம் போல ஒரு சங்கிலி. பெருமையில் இவர் போத்தனுக்குச் சளைத்தவரா என்ன, மைக்கைத் துடுப்பு மாதிரி பிடித்துக்கொண்டு, சொன்னதெல்லாம் சத்தியம், யானையும் சத்தியம், எனக்கு ஒரே ஒரு சந்தேகம் என்று இழுத்தார்.

"குளத்துக்கு முந்தி கடல்னு ஒண்ணு இருந்துச்சுல்ல சாரே? கப்பல் கரைவரைக்கும் வராது. தோணி கொண்டு போயி தோமையாரை இறக்கினது யாரு? எங்க ஆளுங்க. அன்னைக்கு மீன் குழம்பு ஊத்தினதும் எங்க வீட்லதான். ஞானஸ்நானம் கொஞ்சம் லேட்டாச்சு, ஒத்துக்கறேன். வேலை இருந்துச்சு."

பந்தல் சிரித்தது. போத்தன் சிரிக்கவில்லை, கண்ணை மூடிக் கணக்குப் போட்டார், அப்படியென்றால் இந்தச் சம்பந்தம் நம்பூதிரி நனைவதற்கு முன்பே தொடங்கிவிட்டதாகிறதே... கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார்.

"புன்னூஸே, நீதான சரித்திரம் படிச்சவன். இது உள்ளதாடா?"

எந்த வருஷம், எந்தக் கல்வெட்டு, எந்த ஓலை, கடல் எதை மிச்சம் வைத்தது... யானைக்கு ஆதாரம் கேட்காத மனுஷன் தோணிக்குக் கேட்கிறார் பார், அதுவும் என்னிடம், சோசம்மா மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள், ராகேல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு பெரியப்பாவையே பார்க்கிறாள், ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால்... அதுவும் பொய்தானே, யார் கண்டது?

"மறுக்க ஆதாரம் இல்ல அச்சாயா."

முப்பது வருஷம் மாணவர்களின் விடைத்தாளில் இந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்தவர். போத்தன் தலையை மெல்ல ஆட்டினார், நம்மளவிட ஒரு நாள் சீனியர் என்று மைக்கிலேயே சொன்னார், மனசம்மதத்துக்கு முதல் ஆளாய் நிற்பேன் என்றார், ராகேல் அழுதுகொண்டே சிரிக்கிறாள், நல்ல நாள்தான், குறையில்லாத நாள்... இந்த லாசர் அதை மேடையில் நின்ற நிமிஷத்தில் கட்டினாரா, தன் அப்பனிடம் கேட்டதா, கேட்கலாம்தான், பக்கத்து நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார், ஆனால் கேட்க மனம் வரவில்லை, ஏனென்றால் கட்டுக்கதையாகவே இருக்கட்டும், யாராவது ஒருவன் இறக்கித்தானே இருக்க வேண்டும், வந்தவரைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்தோம், இறக்கியவனைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லையே... இடுப்பளவு தண்ணீரில் நின்று, தோணி ஆடாமல் பிடித்துக்கொண்டு, வந்திருப்பது யார் என்றே தெரியாமல், சும்மா குதிங்க சாரே, ஆழமில்ல, என்று சொல்லியிருப்பானோ?