இரண்டு ஒன்றாம் நம்பர்

மேடையின் இடப்பக்கம் இருந்த லைட்டை சிவரஞ்சனி திருப்பினால், வலப்பக்கத்து லைட்டும் கூடவே தலையாட்டியது. வரவேற்புக்கு லைட் போட அவள் அரியலூரிலிருந்து பெரம்பலூர் மண்டபத்துக்கு வந்திருந்தாள்.

காரணம் சீக்கிரமே புரிந்தது. இடப்பக்கத்து லைட் பெண் வீட்டார் ஏற்பாடு. அவர்கள் வெளிச்சத்தில் நம் பிள்ளை நிற்பதாவது என்று, மாப்பிள்ளை வீட்டார் பாடாலூரிலிருந்து டெம்போ வைத்துத் தங்கள் லைட்டைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் அட்ரஸ், அதாவது லைட்டை இயக்கும் போர்டு அதைக் கூப்பிடும் நம்பர், ஒன்றுதான். போர்டிலிருந்து ஒன்றாம் நம்பருக்குப் போன உத்தரவை இரண்டும் தனக்கென்றே எடுத்துக்கொண்டன.

திரும்ப, சாய, நிறம் மாற என்று ஒரு லைட் பதினாறு சேனல், அதாவது பதினாறு நம்பர், பிடிக்கும். அடுத்ததைப் பதினேழில் தொடங்கினால் தீர்ந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் சிவரஞ்சனி செய்த தப்பு.

"மாப்பிள்ளை லைட்டு பதினேழாவதா?" மாப்பிள்ளையின் தாய்மாமன் தர்மன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப பொண்ணு லைட்டு பதினேழா? செந்துறையில வந்து எங்களப் பத்தி விசாரிச்சுப் பாருங்க." இது பெண்ணின் பெரியப்பா அய்யம்பெருமாள்.

"மரியாதைக்கு வைக்கிற நம்பர் இல்லீங்கய்யா. வூட்டுக்கு இருக்கிற கதவு நம்பர் மாதிரிதான்."

"எங்க வூட்டுக் கதவு நம்பரும் ஒண்ணுதாம்மா" என்றார் அய்யம்பெருமாள்.

வரதட்சணை வேண்டாம் என்று பெருந்தன்மையாகப் பேசி முடித்த இரண்டு குடும்பங்கள், ஒரு நம்பருக்காக மேடையை இருட்டில் போட்டுவிட்டு நின்றன. மாலையும் கழுத்துமாக வியர்த்துக்கொண்டிருந்த மணப்பெண் லாவண்யா, "அக்கா, எனக்குப் பதினேழே போதும்" என்றாள்.

"நீ சும்மா இரு. கல்யாணப் பொண்ணு இதுல எல்லாம் பேசக் கூடாது" என்றார் பெரியப்பா.

சிவரஞ்சனி போர்டின் பின்பக்கம் குனிந்தாள். வயர் செருக இரண்டு லைன் இருந்தது. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி ஒன்றாம் நம்பர் உண்டு. ஆளுக்கொரு லைனில் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டுமே ஒண்ணுங்கய்யா."

இரு பக்கமும் முகம் மலர்ந்தது. தர்மனுக்குத்தான் அப்புறம் உறைத்தது. "ரெண்டு லைன்ல எது மொத லைன்?"

"மொத, ரெண்டாவதுன்னு இல்லீங்க. இடது, வலது. பொண்ணு மாப்பிள்ளைக்கு இடப்பக்கம்தானே நிக்கிறாங்க?"

அதற்கு மறுப்புச் சொல்ல சாஸ்திரத்தில் இடம் இல்லாததால் தர்மன் அடங்கினார்.

லைட்டுகள் இரண்டும் எரிந்தன. ஒன்று நீலம், ஒன்று ரோஜா நிறம். பெரியவர்கள் இருவரும் தத்தம் லைட்டைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்கள். அதற்குள் வீடியோக்காரர் சிவரஞ்சனியிடம் ஓடி வந்தார்.

"மூஞ்சி எல்லாம் நீலமா விழுவுது. ரெண்டையும் அணைச்சுடுங்க. என் ஃபோகஸ் லைட்டே போதும்."

இரண்டு ஒன்றாம் நம்பரையும் அவள் பூஜ்யத்துக்கு இறக்கினாள். வாழ்த்த வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்பதில் மும்முரமாக இருந்த பெரியவர்கள் கவனிக்கவில்லை. கவனித்தது லாவண்யா மட்டும்தான். வீடியோவில் இன்றைக்கும் அவள் சிரிப்பது தெரியும்; வெட்கம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.