பகலில் ஆளில்லாத வீடு

அலுவலகத்தில் எனக்கு வந்த வேலை இதுதான்: எந்த மாதிரிக் கட்டடங்கள் தங்கள் மொட்டைமாடி வெயிலை வைத்தே ஓடும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பேட்டரி கிடையாது. வெயில் இருக்கும்போதே மின்சாரத்தைச் செலவழித்துவிட வேண்டும். மாடி பெரிதா சின்னதா என்பது பாதிக் கதைதான். உள்ளே எந்த நேரத்தில் செலவாகிறது என்பது மீதி. மீட்டர்கள் கால் மணிக்கு ஒரு தடவை அனுப்புவதைத் திரையில் கோடாகப் போட்டுப் பார்ப்பேன்.

ஒரு வாரமாக அந்தக் கோடுகளே கதி என்று கிடந்தேன். பள்ளிக்கூடம் தங்கம். மணி அடித்ததும் ஏறி, மணி அடித்ததும் இறங்குகிறது. பல் மருத்துவர் கையகல மாடியை வைத்துக்கொண்டு பிரமாதமாகத் தேறினார். பேக்கரி என்னை ஏமாற்றிவிட்டது. ஊர் எழும் முன்பே வேலையை முடித்துவிட்டு, வெயில் வந்ததும் படுத்துக்கொள்கிறது. உடற்பயிற்சிக்கூடத்து மாடியில் பந்தே விளையாடலாம், ஆனால் பகலில் கீழே ஈ ஓட்டுகிறார்கள்.

கடைசி வகை, குடியிருப்பு. அதற்கு எங்கள் வீடு இருக்கும் வரிசையின் பன்னிரண்டு வீடுகளையே எடுத்திருந்தேன். காலையில் ஒரு மேடு, மாலையில் ஒரு மேடு, நடுவில் வெறும் தரை. ‘பகலில் ஆளில்லை, தகுதியில்லை’ என்று எழுதிவிட்டேன். அந்த அறிக்கை ஐந்து மணிக்கு மேலிடத்துக்குப் போய்விட்டால் எங்கள் வரிசைக்கே சோலார் பேனல் கிடையாது.

மேலாளர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

“ஏழாவது வீடு பூட்டிக் கிடக்கா?”

“அது எங்க வீடு சார். பகல்ல மாமனார் இருக்காரே.”

“எட்டாவது?”

“அவங்க ஊர்ல இல்ல. ஒரு வாரமா பூட்டுதான்.”

நேற்றைய இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். பத்து முதல் நாலு வரை ஒட்டிக்கொண்டன. ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கும் சின்னச் சின்ன மேடுகள் தவிர இரண்டிலும் ஒன்றுமில்லை.

மீட்டர் கெட்டிருக்கும் என்றேன். எனக்கு முதலில் பொருள்மேல்தான் சந்தேகம் வரும். சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கதவைத் திறந்தபோது, சன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத் துண்டைத் தோளில் போர்த்தி, மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். தலைக்குமேல் ஃபேன் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சுவிட்சைப் போட்டார்.

“வாம்மா, வேகாத வெயில்ல வந்திருக்கே. உடம்பு சரியில்லையா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஏன் மாமா ஃபேன் போடல?”

“ஒருத்தனுக்கு எதுக்கும்மா?”

“எத்தனை நாளா?”

“போன வெயில் காலத்துலேருந்துனு வெச்சுக்கோயேன். பழகிடுச்சு.”

போன வெயில் காலம். எனக்கு வாய் நீளம், எல்லாருக்கும் தெரியும். கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “பகல் பூரா யாருக்கு ஓடுது அந்த ஃபேன்?” என்று கத்தியிருக்கிறேன். கத்தியது என் வீட்டுக்காரரிடம்தான். மாமனார் அடுத்த அறையில் இருந்தார். வெட்கத்தில் முகம் கொதித்தது.

பையிலிருந்து எங்கள் வீட்டுக் கோடு அச்சடித்த தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆர்வமாகக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

“இது காலைல நீ மிக்ஸி போடுறது. இது சாயங்காலம் அவன் டிவி பாக்குறது.” விரல் நடுவில் நின்றது. “இதுல நான் எங்கேம்மா இருக்கேன்?”

“நீங்க இல்ல மாமா. நான்தான் உங்கள இல்லாம பண்ணிட்டேன். அன்னிக்கு அப்படிப் பேசினது தப்பு.”

“அட, விடும்மா.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

கிளம்பும்போது மிரட்டினேன். “அணைச்சீங்கன்னா ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சிடும்.”

“சும்மா கதை விடாதே.”

அலுவலகத்தில் திரையைத் திறந்தால், ஏறியிருந்த கோடு மறுபடி தரையில் கிடந்தது. போன் போட்டேன்.

“மாமா, ஃபேன்.”

“அட, நெஜமாவே தெரியுதா!”

மெக்கானிக் புத்தி எங்கே போகும்? கால் மணிக்கு ஒரு சோதனை, கால் மணிக்கு ஒரு போன். “இப்ப என்ன போட்டிருக்கேன், சொல்லு பாப்போம்?” ஃபேன் என்றேன், டிவியும் சேர்ந்திருக்கிறது என்றேன். எங்கள் வீட்டுக் கோடு ஏறி இறங்கி அமர்க்களப்பட்டது.

நாலரைக்கு மேலாளர் வந்தார். “பன்னண்டு வீட்டையும் ஆளில்லைன்னே அனுப்பிடலாமா?”

எங்கள் வீட்டையும் பூட்டிய வீட்டையும் விட்டால் மீதி பத்து. பத்தும் தரையோடு தரையாக நேராகப் போயின. எந்தக் கோட்டுக்குப் பின்னால் பூட்டு இருக்கிறது, எதற்குப் பின்னால் ஈரத் துண்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ‘பகலில் ஆளில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘போய்க் கேட்கவில்லை’ என்று எழுதினேன்.

“நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். பகல்ல போய்க் கதவத் தட்டிட்டு வரேன்.”

அவர் தாளைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். போன் மறுபடி அடித்தது.

“இப்ப?” என்றார் மாமனார்.

திரையைப் பார்த்தேன். கோடு மேலேயே நின்றிருந்தது.

“இப்ப இருக்கீங்க மாமா.”